காலியாக விட முடியாத தேதி

— எந்தத் தேதி போட்டேன்னு சரியா ஞாபகம் இல்ல ஷெரின். நேத்துத் தேதின்னு நெனைக்கிறேன்.

— எங்கம்மாவுக்கு, யூஜின். உசுரோட இருக்கிற செலின் மேரிக்குச் செத்த தேதி போட்டிருக்க.

— நான் இன்னா பண்றது? கல்லறைக் கல்லுல இருக்கிற பேரையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துன்னார் ஃபாதர். உங்கப்பா பேருக்குக் கீழ உங்கம்மா பேரும் வெட்டிக் கெடக்குது. தேதி மட்டும் காலி. நம்ம ஊர்ல புருஷன் போனா அப்படித்தான வெட்டுறோம்.

— காலியாவே வுட்டிருக்கலாம்ல?

— வுட்டேன்மா. செவப்பு எழுத்துல திட்டுது. தேதி இல்லாம சேவ் ஆகாதுன்னு ரூல் எழுதின மகராசி நீதான்.

— கல்லறைன்னா செத்தவங்கதான இருப்பாங்கன்னு நெனச்சேன்.

— சென்னையிலயே இருந்துட்ட, அதான்.

— பங்கு மக்கள் பதிவத்தான்பா நீட்டி, கல்லறைப் பதிவாப் பண்ணேன். இங்க தேதி வுழுந்தா அங்கயும் வுழும். குடும்பத்துக்கெல்லாம் தானா சேதி போயிடும். என் போனுக்கே வந்துச்சு, எங்கம்மா செத்துட்டாங்கன்னு.

— ஃபாதருக்கும் போயிருக்கும். அதான் காலைல கோயில் மணி அடிக்கிற சூசைநாதன் துக்க மணி அடிச்சாரு.

— யாருக்குன்னு கேக்கலயா நீ?

— தினம் யாராச்சும் போறாங்க. அம்மாகிட்ட பேசினியா?

— எடுக்கல. வூட்டுக்குப் போய்ட்டுத்தான் வரேன். கதவு தொறந்து கெடக்குது. கூடத்துல பெஞ்சு போட்டு வெள்ளத் துணி விரிச்சிருக்கு. தலமாட்டுல மெழுகுவத்தி எரியுது. ஆளே இல்ல.

— ஷெரின், அங்க பாரு.

— இன்னா யூஜின்? ஏன் வாசலயே பாக்குற?

— அத்த. உள்ள வாங்க. எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?

— மணி அடிச்சப்புறம் வந்து இங்கதான் சுத்திக்கிட்டு இருக்கேன்.

— அம்மா. இன்னாம்மா இது, இந்தப் பொடவயப் போய் கட்டிக்கிட்டு?

— பெட்டியில வைக்கும்போது கட்டிவுடச் சொல்லி வச்சிருந்தேன்ல. அதான். பெஞ்சும் நானே போட்டுட்டுத்தான் வந்தேன். வர வழியில ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. நம்ம நாய்கூட வாலாட்டல.

— தப்பா ஏறிடுச்சும்மா. தேதிய எடுத்துட்டா எல்லாருக்கும் திருத்தின சேதி போயிடும். ஒரு நிமிஷம் இரு.

— கைய எடு.

— அம்மா.

— எடுடி கைய. பிரான்சுலருந்து உங்கண்ணன் டேவிட் என் போனுக்குப் பேசி அனுப்பியிருக்கான். அழுறான். நான் கூப்ட்டப்பல்லாம் லீவு இல்லன்னவன், பிளேன் ஏறிட்டானாம். அவன் வந்து வாசப்படி மிதிக்கிற வரைக்கும் நான் செத்தவதான்.