இரண்டு மாத்திரையை நான்கு பேர் பங்கிட்ட எங்களைச் சகித்த வெதூரியா சிஸ்டருக்கு

கருங்கடல் காற்றில் கதவு படபடக்கும் கான்ஸ்தான்ட்சா துறைமுக மருத்துவ அறையில் முப்பத்தோராண்டு முகம் சுளித்தும் மனம் சுளிக்காத மாண்பு மிக்கவரே! கட்டுப் போடுவதில் கைதேர்ந்தவரே! திட்டுவதில் அதைவிடத் தேர்ந்தவரே! நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில், மூன்றாம் துறையில் மூட்டை தூக்கும் சுமைக் கூட்டத்தார் நின்று வணங்கி வாசிக்கும் வாழ்த்து இது.

உங்கள் பெருமைகளை வரிசையாக எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் எங்கள் மடத்தனம்தான் வரிசையாக வருகிறது. முதுகுவலிக்குக் களிம்பு கொடுத்தீர்கள். ஒருவன் அதைக் காலணிக்குப் பூசினான். ஆணுறை கொடுத்தீர்கள், சிகரெட் நனையாமலிருக்க அதில் போட்டு வைத்தான் இன்னொருவன். எங்களை நினைத்தால் எங்களுக்கே சலிப்பாக இருக்கிறது. நீங்களோ எவளோடு, எவனோடு என்று ஒருநாளும் கேட்டதில்லை. "எப்போ?" என்று மட்டும் கேட்ட நாகரிகம் உங்களுடையது.

உறையில்லாமல் போய் வந்தவன் மூன்று நாளுக்குள் வந்து நின்றால், மேகநோய் ஒட்டாமலிருக்க டாக்டர் சீட்டுப்படி இரண்டு மாத்திரை தருவீர்கள். "ரெண்டையும் ஒண்ணா முழுங்கணும். டம்ளர் நிறையத் தண்ணி. மூணு மாசத்துல ரத்தம் டெஸ்ட் பண்ண வா." சென்ற ஏப்ரலில் எங்கள் தோரினெலுக்கும் இதையே சொன்னீர்கள். சாப்பிட்டதும் விழுங்குகிறேன் என்று வாங்கி வந்தான்.

எங்கள் கூட்டத்து வழக்கம் துறைமுகமே அறியும்: ஒருவன் கைக்கு வந்தது நால்வர் வாய்க்கும். ரொட்டியும் அப்படி, புகையும் அப்படி. அந்த இரண்டு மாத்திரையும் சாக்குக் கத்தியால் நான்கு துண்டாயின. சும்மா இருந்த நாங்கள் மூவரும் ஒரு காப்புக்கு இருக்கட்டுமென்று விழுங்கினோம். தேவைப்பட்டவனுக்குக் கிடைத்தது பாதி மாத்திரை. அதை நம்பி அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போனான். ஜூலையில் அவன் இரத்தத்தில் சிபிலிஸ், அதே மேகநோய். வீட்டில் அவன் மனைவி ஸ்மராந்தாவுக்கு ஐந்தாம் மாதம்.

தோரினெல் எங்களையும் உங்களிடம் இழுத்து வந்தான். கதவைச் சாத்திவிட்டுக் கத்தினீர்கள்: "அடேய் தடிமாடுகளா! கோயில்ல குடுக்குற அப்பமாடா இது, ஆளுக்கொரு துண்டு பிட்டுத் திங்க?"

"முழுசையும் நானே முழுங்கினா இவனுங்க என்ன நினைப்பானுங்க, சிஸ்டர்?" என்றான் தோரினெல்.

"இப்ப உன் பொண்டாட்டி வயித்துல இருக்குறது என்ன நினைக்கும்? அதுக்கும் பங்கு போயிருக்கும்டா!"

நாங்கள் மூவரும் தோரினெலை முன்னால் தள்ளிவிட்டோம்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கூட்டிட்டு வந்து நீயே சொல்லு" என்றீர்கள். மறுநாள் உங்கள் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு மழையில் வெளியே நின்றீர்கள். இருமிக்கொண்டு வந்தவனையும் நொண்டிக்கொண்டு வந்தவனையும் விரட்டினீர்கள். வெகுநேரம் கழித்து ஸ்மராந்தா கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"முதல் ஊசிய எனக்குப் போடுங்க, சிஸ்டர். இந்த ஆளுக்கு மட்டும் மொன்னை ஊசியாத் தேடிப் போடுங்க."

"ஊசி எல்லாம் கூர்தாம்மா. ஆனா போடுற கை என்னோடது, கவலைப்படாதே."

வாரம் ஒன்றாக இருவருக்கும் மூன்று ஊசி. நவம்பரில் பெண் குழந்தை. அதன் இரத்தத்தை இரண்டு தடவை சோதித்த பிறகுதான் உங்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம்.

இதையெல்லாம் சபையில் வாசிக்கலாமா என்று தயங்கினோம். வாசிக்காவிட்டால் மடலே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் ஸ்மராந்தா.

உங்கள் நாற்காலிக்கு இன்னும் ஆள் போடவில்லை. மேலே கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். மூன்று மனு கொடுத்துவிட்டோம், நான்காவதும் கொடுப்போம். அந்தத் தலைவலி இனி எங்களுடையது. நீங்கள் நோயின்றி, நொடியின்றி, எங்கள் நினைப்புமின்றி நூறாண்டு நிம்மதியாகத் தூங்குங்கள்!

இந்த மடலை வாசிக்கும்போது பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழக்கூடும். அதை யாரும் வெளியே தூக்கிப் போகக்கூடாதென்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
மூன்றாம் துறைச் சுமைக் கூட்டத்தார் சார்பில்
பாந்தெலிமோன்