நான்காவது மிஸ்டு கால்

"மூணு இல்லீங்க மேடம், நாலு. நாலு தடவை கூப்பிட்டேன். தப்பா எழுதிடாதீங்க."

என் போன் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு இருபத்திரண்டுக்கு ஒன்று. ஆறு இருபத்து மூன்றுக்கு ஒன்று. ஆறு இருபத்தைந்துக்கு ஒன்று. பிறகு எட்டு முப்பத்தாறுக்கு ஒன்று. நான்குமே சத்யப்பிரியாவுக்குத்தான். நான்கையும் அவள் எடுக்கவில்லை. அதில் அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வண்டியின் வழக்கம்.

டீக்கு நன்றி. சர்க்கரை சரியாக இருக்கிறது. முதலிலிருந்தே சொல்கிறேன், பக்கத்தில் தட்டச்சு செய்கிற அண்ணனுக்கும் சுலபமாக இருக்கும்.

பெயர் ராஜவேல். வயது நாற்பத்தொன்று. ஊர் கொமரலிங்கம். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பனியன் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். காலை ஐந்து ஐம்பதுக்கு எங்கள் ஊரில் எடுத்தால், வழியில் பதினோரு ஸ்டாப்பில் இருபது பெண்களை ஏற்றிக்கொண்டு எட்டு இருபதுக்குக் கம்பெனி வாசலில் நிறுத்துவேன். எட்டரைக்கு கேட் மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அரைநாள் போய்விடும். மூன்று வருடத்தில் என் வண்டிப் பெண்களில் ஒருத்திக்குக்கூட அரைநாள் போனதில்லை. கேண்டீன் சுவரில் என் போட்டோ மாட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் குண்டாகத் தெரிவேன், அது கேமராவின் கோளாறு.

என் வண்டியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் மேடம். காலை ஆறு மணிக்கு அதற்குள் ஏழு வீட்டுச் சட்னி மணக்கும். தலை பின்னாமல் ஏறுகிறவளுக்கு இன்னொருத்தி பின்னிவிடுவாள். பல்லடம் தாண்டுவதற்குள் ஒரு பூச்சரம் பதினைந்து துண்டாகப் பிரிந்து பதினைந்து தலையில் இருக்கும். எனக்குப் பின்னால் அத்தனை சிரிப்பு. உலகத்தில் வேறு எந்த டிரைவருக்கும் இப்படி ஒரு காலை கிடைக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

மற்ற வண்டிக்காரர்கள் ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஹாரன் அடித்து ஊரையே எழுப்புவார்கள். நான் ஹாரனைத் தொடமாட்டேன். ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான். ஒரு ரிங் போனதும் அந்தப் பெண் தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்புவாள். அவள் ரோட்டுக்கு வருவதும் வண்டி வந்து நிற்பதும் ஒன்றாக இருக்கும். பனியில் அவள் நிற்க வேண்டாம், அவளுக்காக வண்டியும் நிற்க வேண்டாம். இதை நான்தான் கண்டுபிடித்தேன். இப்போது எங்கள் கம்பெனியில் மூன்று டிரைவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு இடம் இருக்கிறது. ஜெயசுதாவுக்குப் பாலத்தில் வைத்து அடிக்க வேண்டும். கருத்தம்மா அக்காவுக்கு முழங்கால் வலி, அதனால் கோயில் வளைவிலேயே அடித்துவிட வேண்டும். சத்யப்பிரியாவுக்குத் தென்னந்தோப்பு வளைவு. அங்கிருந்து அவள் ஏறும் பால் சொசைட்டி ஸ்டாப் அரைக் கிலோமீட்டர். ஒவ்வோர் இடத்திலும் ஓரங்கட்டி நின்றால் ஒரு நிமிடம் போகும். பதினோரு ஸ்டாப்புக்குப் பதினோரு நிமிடம். எட்டு இருபது, எட்டு முப்பத்தொன்று ஆகிவிடும். கேட் எட்டரைக்கு.

அதனால் ஓட்டிக்கொண்டேதான் அடிப்பேன். பார்க்கக்கூடத் தேவையில்லை, விரலுக்குத் தெரியும். கொஞ்சம் பார்ப்பேன். ஒன்றரை வினாடி இருக்கும்.

போன வருடம் கம்பெனியில் சாலைப் பாதுகாப்பு வகுப்பு நடந்தது. வந்த அதிகாரி நல்ல மனிதர், படமெல்லாம் போட்டுக் காட்டினார். குடித்துவிட்டு ஓட்டுவது, தூங்காமல் ஓட்டுவது, வளைவில் முந்துவது, போன் பேசுவது. எந்தெந்தப் பழக்கம் எத்தனை பேரைக் கொல்கிறது என்று வரிசையாகச் சொன்னார். "வண்டி ஓட்டறப்போ போன் பேசறவங்க கை தூக்குங்க" என்றார். ஆறு பேர் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. பொய் இல்லை மேடம், நான் பேசுவதே இல்லை. மிஸ்டு கால் கொடுப்பது பேசுவது ஆகாது.

சீட் பெல்ட்டையும் கேட்டீர்கள். பெல்ட் மாட்டாவிட்டால் அந்த வண்டி கீச்சுக் கீச்சென்று கத்தும், பெண்கள் தூங்க முடியாது. அதனால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டிவைத்திருக்கிறேன். வேகம் எழுபத்தைந்து, வளைவுகளில் முப்பதுக்கு இறக்கிவிடுவேன். அந்த ரோட்டில் எல்லோரும் எண்பதில் போவார்கள்.

இப்போது சத்யப்பிரியாவைப் பற்றி. இருபத்து நான்கு வயது. செக்கிங் பிரிவில் வேலை. காலையில் இரண்டு மாட்டில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். அதனால் தினமும் தாமதம். நான் கால் அடித்து, ஸ்டாப்புக்குப் போய், வண்டியை நிறுத்திய பிறகுதான் தோட்டத்துப் பாதையில் ஓடிவருவாள். ஒரு கையில் மஞ்சள் டிபன் பை, ஒரு கையில் சீப்பு. வண்டியே கை தட்டும். என் கூட்டல் கழித்தல் எல்லாவற்றிலும் நிச்சயமானது அதுதான். தோப்பு வளைவில் நான் போனை எடுக்கும்போது அவள் மாட்டுக்கொட்டகையில் இருப்பாள்.

நேற்று மாலை திரும்பி வரும்போது ஜெயசுதா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்ணா, இவளுக்கு முந்துன நாள் ராத்திரியே மிஸ்டு கால் குடுத்துருங்க. அப்பத்தான் காலையில வந்து சேருவா."

"போடி இவளே. நாளைக்குப் பாரு, நானு தோப்பு வளைவுக்கே வந்து நிக்கறேன். அண்ணன் கால் அடிக்கறதுக்கு முன்னால ஏறிக் காட்டறேன்."

"நிக்கலீன்னா?"

"நிக்கலீன்னா வண்டிக்கே பப்ஸு. நின்னுட்டா அண்ணன் எனக்கு வாங்கித் தரோணும். ஏனுங்ணா, செரிங்களா?"

"செரி அம்மிணி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தோப்பு வளைவில் வந்து நிற்பதாவது.

பிறகு எனக்குப் பின் சீட்டில் வந்து உட்கார்ந்து போனில் எதையோ நோண்டினாள். அக்கா குழந்தையின் சிரிப்பைப் பதிந்து ரிங்டோனாக வைத்திருக்கிறாளாம். "ஒரு தடவை அடிங்கண்ணா, கேக்குதான்னு பாப்போம்" என்றாள். அடித்தேன். நல்ல சிரிப்பு மேடம். கிச்சுக்கிச்சு மூட்டினால் மூச்சு முட்டச் சிரிப்பார்களே, அப்படி. வண்டிக்குள் பாட்டு ஓடியதில் மற்ற யாரும் கவனிக்கவில்லை. "இந்தச் சத்தம் கேட்டா பொணம்கூட எந்திரிச்சு வந்துரும், நானு வந்துர மாட்டனுங்களா?" என்றாள். அந்த அழைப்பும் போனில் இருக்கும். அது சோதனை, நான்கில் சேராது.

இன்று காலை லேசாகப் பனி. பார்வை தெரியாத அளவுக்கு இல்லை. பொய் சொல்லி ஆவதென்ன. முன் கண்ணாடியில் தென்னை மரங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வளைவுக்கு வந்தேன், போனை எடுத்தேன். அவள் பெயருக்கு மேலே இன்னொரு சத்யா இருக்கிறாள், விரல் அங்கே போய்விட்டது. அதை விட்டுக் கீழே வந்தேன். அதனால் ஒன்றரை வினாடி, நான்கு வினாடி ஆகியிருக்கும். ரிங் போனது. அப்போது இடது பக்கம் ஒரு சத்தம்.

பெரிய சத்தம் இல்லை. பருத்தி மூட்டையைக் கீழே போட்டால் கேட்குமே, அது.

முன் சீட்டில் இருந்த கருத்தம்மா அக்கா, "நிறுத்துங்க சாமி, என்னமோ அடிபட்டுருச்சு" என்றார். நிறுத்தினேன். முப்பதடி தள்ளி நின்றது. "நாய்ங்க்கா, ஓடிருச்சு" என்றேன். "நாயா இருந்தாலும் எறங்கிப் பாக்கோணுங்க சாமி" என்றார். அவருக்கு இளகிய மனது. கதவைத் திறக்கப் பார்த்தார். என் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால்தான் அது திறக்கும்.

அவர்களிடம் நாய் என்று சொன்னேன் மேடம். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியில் வேலி தெரிந்தது. வேலிமுள்ளில் ஒரு மஞ்சள் டிபன் பை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் இல்லாத வாய்க்கால். வாய்க்காலுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் தெரியாது. இறங்கினால்தான் தெரியும்.

எட்டரைக்கு கேட். வண்டிக்குள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேலே ஏற வேண்டியவர்கள் இன்னும் பத்துப் பேர். இறங்கினால் ஆம்புலன்ஸ், போலீஸ், கூட்டம். பத்தொன்பது பேருக்கு அரைநாள் போகும். அதுவும் ஷிப்மென்ட் வாரம். நான் எனக்காக யோசிக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கேண்டீன் போட்டோவும் ஒரு கணம் ஞாபகம் வந்தது, மறைக்கவில்லை.

அப்போதுதான் இரண்டாவது அழைப்பு. எங்கள் வண்டியில் ஒரு விதி இருக்கிறது. முதல் காலுக்கு ஆள் வராவிட்டால் இன்னும் இரண்டு. மூன்றுக்கும் வராவிட்டால் அவள் அன்றைக்கு லீவு, வண்டி போய்விடலாம். விதியை எல்லோரும் சேர்ந்துதான் போட்டோம். அதன்படி அடித்தேன். பால் சொசைட்டி ஸ்டாப்பில் போய் நின்று மூன்றாவதையும் அடித்தேன். முழுதாக இரண்டு நிமிடம் காத்திருந்தேன். ஜெயசுதா ஜன்னலில் தலையை நீட்டி, "பாத்தீங்களாண்ணா, தோப்பு வளைவுக்கு வாராளாமா! தூங்குது கழுதை. நாளைக்குப் பப்ஸை விடக்கூடாது" என்றாள். வண்டி முழுக்கச் சிரிப்பு. அவர்கள் பாவம், அவர்களுக்குத் தெரியாது. அவள் வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

எட்டு பதினெட்டுக்குக் கம்பெனி வாசல். இரண்டு நிமிடம் முன்னாலேயே.

எல்லோரும் உள்ளே போய் கேட் மூடிய பிறகு, வண்டியைக் கழுவினேன். இடது பக்க விளக்கு உடைந்திருந்தது. பிறகு, எட்டு முப்பத்தாறுக்கு, நான்காவது தடவை அடித்தேன். எதற்கென்று கேட்டீர்கள். இனி அவசரமில்லை, அதற்காகத்தான். இந்த அழைப்பை நீங்கள் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். ஏனென்றால் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆடு மேய்க்கிறவர் வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். ஏதோ குழந்தை கிடக்கிறது என்று நினைத்தாராம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது உயிர் இருந்தது, உடுமலை போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது என்றீர்கள். இரண்டு மணி நேரம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் நான் அடிக்காமல் இருந்திருந்தால் சாயங்காலம்வரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

ஆக, மோதியது நான். தெரிந்தே போனது நான். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. காலையிலிருந்து நீங்களும் அதையே கேட்கிறீர்கள். இரண்டாவது தடவை அடித்தபோது அது ஒலித்தது எனக்குக் கேட்டதா என்று.

கேட்கவில்லை மேடம்.

கருத்தம்மா அக்கா வேறு மாதிரி சொல்லியிருக்கிறார், தெரியும். "எங்கியோ கொழந்தை சிரிக்குதுங்களே சாமி" என்று அப்போதே என்னிடம் சொன்னார். அந்தத் தோப்பில் வீடே கிடையாது. அவருக்கு வயதாகிவிட்டது. நான் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், அது எல்லோருக்கும் பிடித்த பாட்டு என்பதால். ஜன்னல் மூடியிருந்தது. ஏசி ஓடியது. முப்பதடி தூரம். எப்படிக் கேட்கும்? கேட்டிருந்தால் இறங்கியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். ஹாரன் அடித்து ஒரு வீட்டைக்கூட எழுப்பாதவன்.

மணி நாலு ஆகிறது. ஐந்தரைக்குப் பெண்கள் வெளியே வருவார்கள். யார் வண்டி எடுக்கிறார்களோ, கருத்தம்மா அக்காவைக் கோயில் பக்கமே இறக்கிவிடச் சொல்லுங்கள், முழங்கால் வலி.

இன்னொன்று. அந்தப் பிளாஸ்டிக் உறையில் இருப்பது சத்யப்பிரியாவின் போன்தானே? சார்ஜ் இருக்கும், நேற்றுப் புதிதாகப் போட்ட பேட்டரி. அதைப் பக்கத்து அறையில் வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். இங்கே ஃபேன் ஓடுகிறது, வெளியே ரோட்டுச் சத்தம் இருக்கிறது, கிட்டத்தட்ட வண்டிக்குள் இருக்கிற மாதிரியேதான். என் போனிலிருந்து நீங்கள் அடியுங்கள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். எனக்கு இங்கே கேட்கவில்லை என்றால், அங்கேயும் கேட்கவில்லை என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா?

ஒரே ஒரு ரிங் போதும். அடிக்கிறீங்களா, மேடம்?