நடவு ஆள் ரெண்டு

“என் போன்ல நான் எழுதி வச்சிருந்ததை மொத்த கிளாஸும் படிச்சிருச்சு” என்று முன்சீட்டில் இருந்த பெண் சொன்னதும், ஜன்னலைப் பார்ப்பதுபோல் காதை அங்கே வைத்தேன். கூத்தாநல்லூர் போகும் பஸ். அவரும் பக்கத்தில் இருந்த பெண்ணும் டீச்சர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“அப்படி என்னக்கா எழுதி வச்சிருந்தீங்க?”

“மழை லீவுல ஆன்லைன் கிளாஸ் எடுத்தேன்ல. பாடத்தை மட்டும் ஷேர் பண்ணாம, போன் ஸ்கிரீன் முழுசையும் ஷேர் பண்ணிட்டேன். அந்த நேரம் பார்த்து, வருஷா வருஷம் எங்க வயலுக்கு நடவுக்கு வர்ற ஒரு அம்மா மெசேஜ் போட்டாங்க. நான் சேவ் பண்ணி வச்சிருந்த பேரு, ‘நடவு ஆள் ரெண்டு’ன்னு மேல வந்து நிக்குது, அவங்க போட்டோவோட.”

“வந்தா என்னக்கா?”

“ஒரு பொண்ணு மைக்கை ஆன் பண்ணி, ‘மிஸ், அது எங்கம்மா’ங்குது.”

வாய்க்கால் பாலத்தில் பஸ் ஏறி இறங்கியது.

“பேரை மாத்தி வச்சிடுங்கக்கா.”

“மாத்தலாம்னு அன்னைக்கே போனை எடுத்தேன். அவங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியலை.” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும்.”