காலி வீடு

— பகடையை உருட்டுண்ணா. உன் முறை.

— உருட்டறேன், உருட்டறேன். கை ஆடும்போதே வாய் விஷயத்தைச் சொல்லிடணும், அப்பதான் சங்கடம் தெரியாது. நாளைக்குக் கையெழுத்து. நம்ம ஆட்டக் கம்பெனி, அதை வாங்கற பெரிய கம்பெனிக்காரங்க கைக்குப் போகுது. மூணு, நாலு... உன் புது ஆட்டத்துல சோபாவை வெளியே எடுத்தாச்சு. பார்த்தியா!

— பார்த்தேன். அப்ப நான்?

— நீ என்ன, நீ?

— கம்பெனி போகுது. கூடவே நீயும் போறே, தலைவரா. நான் என்ன ஆகறேன்?

— அதைத்தான் சொல்ல வந்தேன். ஆட்டம் உருவாக்கவே ஒரு மாடி நிறைய ஆள் வெச்சிருக்காங்க அங்கே. உன்னை இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம்னுட்டாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்மா.

— எவ்வளவுண்ணா?

— இதான் உன்கிட்ட. வியாபாரம்னா வியாபாரம். நீ ஆடு.

— கட்டிலை எடுக்கறேன். இனிமே போடற ஆட்டப் பெட்டியிலயாவது என் பேர் வருமா?

— மறுபடியும் அந்தப் பாட்டா? அட்டையில ரெண்டு பேர் இருந்தா வாங்கறவன் குழம்பிடுவான்னு எத்தனை தடவை சொல்றது? பேட்டியில உன்னைப் பத்திச் சொல்லாமயா இருந்தேன்? "ஆட்டம் கட்டறதுல என் தங்கச்சியை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆடத்தான் வராது"ன்னேன். எல்லாரும் ரசிச்சுச் சிரிச்சாங்க.

— நானும் பார்த்தேன். என் பேரை நீ அங்கேயும் சொல்லலை. வலிச்சுதுண்ணா.

— அட போம்மா. எங்கேர்ந்து எங்கே வந்திருக்கோம், அதைப் பாரு. அம்மாவோட சமையல் மேடையில உட்கார்ந்து அட்டை வெட்டுவே. பசை காய ஃபேனுக்குக் கீழே பரப்பி வெப்போம். ஒரு சீட்டு பறந்து அடுப்புல விழுந்து கருகினதும் நீ ஓன்னு அழுதே. இன்னிக்கு நம்ம கிடங்குல லாரியே உள்ளே வந்து திரும்புது!

— அன்னிக்கு ராத்திரி அந்தச் சீட்டை மறுபடி வரைஞ்சேன். நீ தூங்கிட்டே.

— நான் தூங்கினாலும் என் மூக்கு தூங்காது. புது ஆட்டம் எதுவா இருந்தாலும் முதல்ல நாம ரெண்டு பேரும், இதே மேஜையில. எனக்குப் பிடிச்சா அச்சுக்கு. இல்லேன்னா தள்ளு. இதுவரைக்கும் ஒண்ணாவது மண்ணைக் கவ்வியிருக்கா?

— இல்ல.

— அந்த ரகசியத்தை உனக்கு மட்டும் சொல்றேன். நீ ஜெயிக்கறதே அத்தி பூத்த மாதிரி. நீயே ஜெயிச்சிட்டேன்னா, அந்த ஆட்டத்துல எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம்! கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளிடுவேன்.

— சின்ன வயசுல தாயக்கட்டையையே தள்ளினவன்தானே நீ. தோத்தா பலகையோட தூக்கி எறிவே. "விட்டுக் குடுத்துடேன்டி, இல்லேன்னா சாப்பிட மாட்டான்"ம்பா அம்மா.

— அம்மா செல்லம் எனக்குத்தான். சரி, பீரோவை நகர்த்தறேன். அலமாரியில அடைச்சு வெச்சிருக்கியே, நான் தள்ளின குப்பை, அதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு. புதுசா வர்றவங்களுக்கு இடம் வேணும்.

— தள்ளினது எனக்கே சொந்தம்னு எழுதிக் குடுத்திருக்கே. ஞாபகம் இருக்குல்ல?

— இருக்கு, இருக்கு. அதை யார் கேட்கப் போறா?

— சரி. சாவிச் சீட்டு கிடைச்சிடுச்சு. கதவைப் பூட்டிட்டு வாசலைத் தாண்டறேன். ஆட்டம் முடிஞ்சுது.

— இரு, இரு. என் பீரோ இன்னும் உள்ளேதானே இருக்கு?

— உள்ளேயே இருக்கட்டும். முதல்ல வெளியே போறவங்க ஜெயிச்சாங்க. விதி அவ்வளவுதான்.

— இதென்ன கூத்து? அரை மணி நேரம் சாமான் தூக்கி முதுகு ஒடிஞ்சவன் நான், நீ பாட்டுக்கு எழுந்து போனா ஜெயிச்சதா? எவன் வாங்குவான் இதை? தள்ளு.

— நிஜமாவா?

— ஓட்டை ஆட்டம். கம்பெனிக்கு வேண்டாம்.

— இன்னொரு தடவை சொல்லுண்ணா.

— வேண்டாம், வேண்டாம், வேண்டாம்! போதுமா?

— போதும். நான் கட்டினதுலயே இதுதான் நல்லா வந்தது. உனக்குப் பிடிச்சுத் தொலைச்சிடுமோன்னு காலையிலேர்ந்து சாமியை வேண்டிட்டே இருந்தேன்.

— என்ன உளர்றே?

— உனக்குப் பிடிச்சிருந்தா நாளைக்கு அவங்களோடது. இப்ப என்னோடது. அலமாரியில இருக்கறதும் என்னோடது. ஒரு அறை பார்த்திருக்கேண்ணா. சின்னதுதான், ஒரு மேஜை போடலாம். பெட்டியில ஒரே ஒரு பேர்தான் போடப் போறேன், வாங்கறவன் குழம்ப மாட்டான்.

— நில்லு. அந்த அலமாரியில இருக்கே, "மழைக்கோட்டு"... அதுல நீதானே ஜெயிச்சே?

— ஆமா.

— "கடைசி பஸ்"? அதுலயும் நீதான். அந்தப் பாலம் கட்டற ஆட்டம்...

— அதுவும்தான். மனசுக்குப் பிடிச்ச ஆட்டத்துல எல்லாம் நான் ஜெயிச்சேன்.

— அப்ப... அச்சுக்குப் போனதெல்லாம்? நான் ஜெயிச்சேனே, அதெல்லாம்? ஏய், பதில் சொல்லு. பையைக் கீழே வை. உட்காரு. சீட்டைக் கலை, இன்னொரு ஆட்டம் போடலாம்.

— வேண்டாம்ணா. உன்கிட்ட தோத்துப் போறதுக்குத்தான் இத்தனை நாள் எனக்குச் சம்பளம். அந்த வேலையிலேர்ந்து நீதானே இப்ப என்னை எடுத்துட்டே.