சாந்தினியின் தோலுக்கு ஏற்றது

முகத்துக்கு எதையாவது வாங்கிப் பூசுவதற்கு முன்னால் அது என்ன வகைத் தோல் என்று தெரிந்துகொள்ள வேண்டும், மேடம். அது தெரியாமல்தான் பாதிப் பேர் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஃபோனில் எவளோ பத்து பாட்டிலை வரிசையாக வைத்துப் பூசுகிறாள் என்று இவர்களும் வாங்கி அடுக்குகிறார்கள். பிறகு முகமெல்லாம் பொரிந்துபோய் என்னிடம் வந்து நிற்பார்கள். நான் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வைப்பேன்.

சோதனை ரொம்பச் சுலபம். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் பூசாமல் இருக்க வேண்டும். அப்புறம் டிஷ்யூத் தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ச் சருமம். ஒன்றும் ஒட்டாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் ஒட்டினால் கலவை. உங்களுக்குக் கலவை என்று தாளே இல்லாமல் சொல்லிவிடுவேன். இந்த ஏர்கோன் குளிரில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் கன்னம் அப்படித்தான் காயும். சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம்.

பெயர் குமுதா. வயது நாற்பத்தாறு. லிட்டில் இந்தியாவில், குவீன் தெருவில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருபது வருஷமாக ஃபேஷியல் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அந்த வீட்டில் நானும் என் தங்கச்சி சாந்தினியும் இருந்தோம். அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா சாகும்போது அவளுக்கு ஒன்பது, எனக்கு இருபத்தேழு. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் நான்தான். இதை நன்றி எதிர்பார்த்துச் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக்கொள்வதற்காகச் சொல்கிறேன்.

சாந்தினிக்கு அந்தச் சோதனையை அவளுடைய பத்தொன்பதாவது வயதில் செய்தேன். தாளில் ஒன்றும் ஒட்டவில்லை. இழுப்பு இல்லை, செதில் இல்லை, எங்கேயும் சிவப்பு இல்லை. அவள் அட்டையில் 'நார்மல்' என்று எழுதினேன். என்னிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. என்ன தோல், என்ன பூசினேன், எந்தத் தேதியில், பூசியதும் எப்படி இருந்தது என்று விடாமல் எழுதி வைப்பேன். வளர்ந்த பெண்களில் நார்மல் தோல் அபூர்வம். இந்த இருபது வருஷத்தில் ஒன்பது பேருக்குத்தான் அப்படி எழுதியிருக்கிறேன். அதில் ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள், அதுவும் தன் முகத்தைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல், தேங்காய் எண்ணெய்க் கையோடு கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு.

என் முகத்தை நீங்களே பார்க்கிறீர்கள். பதினாலு வயதில் கட்டி கட்டியாக வந்தது; போகும்போது குழியை விட்டுவிட்டுப் போனது. இருபத்துநாலு வயதில் என்னை ஒரு தடவை பெண் பார்க்க வந்தார்கள். பையனுடைய அம்மா வடையை முழுசாகச் சாப்பிட்டு, காப்பியையும் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணை டாக்டர்கிட்ட காட்டலையா?" என்று அம்மாவிடம் கேட்டார். அதோடு சரி. நான் அப்புறம் யார் முன்னாலும் போய் உட்காரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முகம் இப்படி இருந்தால் வாழ்க்கை வீட்டோடுதான் என்று புரிந்துகொண்டேன். புரிந்துவிட்டால் நிம்மதி.

ஷர்வினைப் பற்றித் தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல பையன். சாந்தினி ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அங்கே ஏதோ கூட்டத்துக்கு வந்த இடத்தில் பழக்கம். ஃபேக்டரியில் இன்ஜினியர், வீடு புக்கிட் மெர்தாஜாம். பெற்றோரை அழைத்துக்கொண்டு முறையாக வந்து கேட்டான். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தோம். "பக்கந்தான்க்கா, வாராவாரம் வந்துருவேன்லா" என்று சாந்தினி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பக்கம்தான். தீவை விட்டுப் பாலத்தைத் தாண்டினால் முக்கால் மணி நேரம். நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்றைக்கு இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு நின்றேன். இனி ஒரு தட்டுதான் என்று நினைத்தபடி ஜன்னல் பக்கம் போனேன். அந்தச் சமையலறையில் ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். இருபது வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது சுவர் என்று தெரிந்தது. நான் பயந்துபோனேன். அதை மறைக்கவில்லை.

கல்யாணப் பெண்ணுக்கு நாலு மாதம் முன்பே முகத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொன்னேன். உட்கார வைத்து, தாளை ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதே நார்மல் தோல்தான். "உனக்கு இப்ப சென்சிட்டிவ் ஸ்கின் ஆயிடுச்சு, கண்டதைப் பூசாதே, நான் குடுக்கறதை மட்டும் பூசு" என்றேன். 'சென்சிட்டிவ்' என்று புது அட்டை போட்டு அவள் கையிலேயே கொடுத்தேன். பழைய அட்டை கடையில் என் பெட்டியிலேயே இருந்தது. அதில் தொடர்ந்து உள்ளதை உள்ளபடி எழுதிவந்தேன். வேலையில் எனக்குப் பொய் எழுத வராது.

காலையில் கழுவ ஒரு நுரை, அப்புறம் வெயிலுக்கு ஒன்று, இரவில் என் கையால் கலந்த கிரீம். சாதாரண கிரீமில் ஸ்டீராய்டு களிம்பைக் கலந்தேன். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கியது. எங்கே வாங்கினேன் என்பதைத் தனியாக எழுதித் தருகிறேன். அது முதலில் முகத்தைப் பளிங்கு மாதிரி ஆக்கும். உள்ளே தோலை மெலிய வைக்கும். சில மாதம் பழக்கிவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் முகம் தீப்பிடித்தது போல எரியும், சிவக்கும், வீங்கும், உரியும். மறுபடி பூசினால் அடங்கும். அப்படிப் பழகிப்போய் வந்த பெண்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பியவளும் நான்தான்.

முதல் மூன்று மாதம் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் தங்களுக்கும் ஃபேஷியல் செய்ய என்னிடம் வந்து நாள் கேட்டார்கள். ஷர்வினின் அம்மா கன்னத்தைத் தொட்டு, "என்னம்மா போடறே?" என்று கேட்டார். "எல்லாம் அக்கா கைவண்ணங்க" என்றாள் சாந்தினி. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் ஜாடியை மாற்றினேன். அதே ஜாடி, அதே வாசனை, உள்ளே வெறும் கிரீம்.

நலங்கு என் கடையில்தான் நடந்தது. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நடுவில் மணை போட்டோம். அதற்கு இரண்டு நாள் முன்பே அவளுக்கு முகம் குறுகுறுக்க ஆரம்பித்திருந்தது. கல்யாணச் சூடு என்று சொல்லி வைத்திருந்தேன். அம்மா ஸ்தானத்தில் முதல் ஆளாக நான்தான் மஞ்சளும் சந்தனமும் பூச வேண்டும். பூசினேன். எனக்குப் பிறகு ஆறேழு பெண்கள், ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே இரண்டு கன்னத்திலும் இழுத்துவிட்டார்கள். சாந்தினி முதலில் சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எரியுது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

"இல்லக்கா. நெஜமா எரியுது. கழுவி விடுக்கா."

கழுவினேன். தண்ணீர் பட்டதும் இன்னும் எரிந்தது. மஞ்சள் போனபோது சிவந்து வீங்கியிருந்த முகத்தைப் பார்த்துப் பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். மறுநாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைத்தோம். அலர்ஜி என்றார்கள் சிலர், கண் பட்டது என்றார்கள் சிலர். அவள் தலையை என் மடியில் வைத்து, களிம்பு கலந்த பழைய கிரீமைத் தடவினேன். நாலைந்து நாளில் அடங்கியது. "நீ இல்லாட்டி நான் செத்துருப்பேன்க்கா" என்றாள். அந்த ஒரு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ.

தையில் இரண்டாவது தடவையாக நாள் குறித்தார்கள். மறுபடி ஜாடியை மாற்றினேன், மறுபடி கல்யாணம் தள்ளிப்போனது. வைகாசியில் மூன்றாவது தடவை, அப்போதும் அதேதான். அதற்கு முன்பே அவள் ஹோட்டல் வேலையை விட்டுவிட்டாள். அந்த முகத்தோடு வரவேற்பில் நிற்க முடியாது. வெளிச்சம் பட்டால் எரிகிறது என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னாள். கண்ணாடியை எடுத்துவிடச் சொன்னாள். டாக்டரிடம் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். "அவங்க ஊசி போட்டு இன்னும் கெடுத்துருவாங்க" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் வெளியே போகும்போது, "யாரும் வந்துறப் போறாங்க, வெளிய பூட்டிட்டுப் போக்கா" என்று அவளேதான் சொன்னாள். நான் அவளை ஒருநாளும் அடைத்து வைக்கவில்லை. அதை எழுதும்போது சரியாக எழுதுங்கள்.

ஷர்வின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். படியிலேயே நிற்க வைத்துப் பேசுவேன்.

"அக்கா, நான் என்ன முகத்தையா கட்டிக்கப் போறேன்? ஒரு அஞ்சு நிமிஷம் பார்க்க விடுங்க, போதும்லா."

"அவதான் வேணாங்கறா, தம்பி. பார்த்தா இன்னும் ஒடஞ்சு போயிருவா."

அது பொய் இல்லை. உள்ளே அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன், "நீங்க கூட இருக்கீங்கங்கற தைரியத்துலதான் போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவான். ஃபோனில் பேசிக்கொள்வார்கள், அதை நான் தடுக்கவில்லை. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. சாயந்திரம் கடையை அடைத்துவிட்டு நாங்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டு தட்டு.

போன மாதம், பாலத்துக்கு அந்தப் பக்கம், கெப்பாலா பத்தாஸில் அம்மாவழி உறவில் ஒரு சாவு. காலையில் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். கிரீம் தீர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒரு வேளை தவறினாலே எரியும் அளவுக்கு அவள் தோல் அதற்குள் பழகியிருந்தது. மதியத்துக்குள் அவளுக்கு எரிச்சல் ஆரம்பித்திருக்கிறது. எனக்கு ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். இழவு வீட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. எதை எதில் கலக்கிறேன் என்று தெரிந்தால் தானே கலந்துகொள்ளலாம் என்று, கடையில் நான் அட்டைகளை வைக்கும் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவள் பெயரில் இன்னோர் அட்டை இருந்தது.

'நார்மல்' என்று மேலே எழுதியிருந்தேன். கீழே தேதி தேதியாக எல்லாம் இருந்தது. எத்தனை பங்கு கலந்தேன், எப்போது நிறுத்தினேன், எத்தனையாவது நாள் சிவந்தது, எப்போது திரும்பக் கொடுத்தேன். நிறுத்திய மூன்று தேதிகளும் மூன்று முகூர்த்தத்துக்குப் பத்துப் பத்து நாள் முன்னால் இருப்பதை யார் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம். அவள் புத்திசாலி.

ஜன்னலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு, தெருப்பக்க ஜன்னல் வழியாகக் கீழே துணிக்கடைக்காரி ஹபீபா பீவியைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர்தான் ஆள் வைத்துப் பூட்டை அறுத்தார். நான் திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. மேசையில் இரண்டு அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஹபீபா பீவி படியில் உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை மாசமா மேல புள்ள அடைஞ்சு கெடக்கறதே எனக்குத் தெரியலையே, குமுதா. சொல்லவே இல்லையே நீ."

"எங்க போனா?"

"அந்தப் பையனுக்கு ஃபோன் அடிச்சுட்டு, பஸ் ஏறப் போயிருச்சு. முகத்த மூடிக்கம்மான்னு துப்பட்டாவ எடுத்துக் குடுத்தேன். வேணாம்னுருச்சு."

நல்ல வெயில் நேரம். அந்த முகத்தில் காற்றுப் பட்டாலே எரியும். தெரு நிறைய ஆட்கள் இருந்திருப்பார்கள், பூக்கடை, நகைக்கடை, எல்லாம் அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். எப்படிப் போனாள் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னும் யோசிக்கிறேன்.

அவள் தோல் பழையபடி ஆக ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகலாம், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். எதையும் நான் மறுக்கவில்லை. களிம்பை வாங்கியது நான், கலந்தது நான், அவளுக்கு எரியும் என்று தெரிந்தே மூன்று தடவை நிறுத்தியதும் நான். காரணம் கேட்டீர்கள். அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று ஆக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இந்தப் படத்தைத்தான் எனக்குக் காட்டியிருக்க வேண்டாம். புக்கிட் மெர்தாஜாம் கோயில், போன வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். முகத்தில் பவுடர்கூட இல்லை. இரண்டு கன்னமும் சிவந்து, மூக்கோரம் உரிந்து, ஒரு கண் வீங்கிப்போய், மாலையும் கழுத்துமாக வெயிலில் நிற்கிறாள். படம் எடுக்கிறவரை நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் அவன்.

இதெல்லாம் ஃபோனில் எப்படி வேண்டுமானாலும் செய்கிறார்கள். நீங்கள் இதை நம்பாதீர்கள், மேடம். அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணால் கிளம்பிப் போய்விட முடியாது. எனக்குத் தெரியும். நான் ஒரு தடவைகூடக் கிளம்பிப் பார்த்ததில்லை.