மலர் மிதித்த சைக்கிள்

பாட்டுப் பதிந்த கசற் நனைந்தால் வெயிலில் காயவைக்கக் கூடாது. நாடா சுருங்கிவிடும். நிழலில், காற்றுப்படுகிற இடத்தில் வைக்க வேண்டும். இது தெரியாமல் என்னுடையவற்றில் சிலவற்றை நானே கெடுத்துவிட்டேன்.

ஐயா, அன்றைக்கு நீங்கள் மரண விசாரணைக்கு வந்தபோது கேட்டவற்றுக்கெல்லாம் உண்மையான பதில்தான் சொன்னேன். மனைவிக்கு இருதய வருத்தம் இருந்ததா என்று கேட்டீர்கள். ஓம் என்றேன். வைத்தியரிடம் காட்டினீரா என்று கேட்டீர்கள். அதற்கும் ஓம். அவளை அப்போது பாயில் கிடத்தியிருந்தேன். விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு ஓடி வரும்போது நான் சைக்கிளில் கட்டியது கொஞ்ச உடுப்பும் கசற் போடுகிற றேடியோவும் கசற் பெட்டியும்தான். உரும்பிராயில் மீனாம்பிகை அக்கா தன் வீட்டுப் பின்னறையைத் தந்தார். வந்து சேர்ந்த அன்று பெருமழை. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, கசற்றுகளில் பெயர் எழுதி ஒட்டியிருந்த காகிதங்கள் எல்லாம் கழன்றுபோயின. எது திருவிழாவில் பதிந்த நாதஸ்வரம், எது கடையில் கொடுத்துப் பதிவித்த படப்பாட்டு என்று போட்டுக் கேட்டால்தான் இனித் தெரியும். கரண்ட் இல்லை. பற்றரிக்கு அரசாங்கத் தடை. எல்லோரையும் போல நானும் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, வயரை றேடியோவுக்குக் கொடுத்தேன். ஒருவர் ஏறி மிதித்தால் கசற் ஓடும்.

மிதித்தது என் மனைவி இராசமலர்.

நான் ஏன் மிதிக்கவில்லை என்று நினைப்பீர்கள். மிதித்துப் பார்த்தேன். சங்கிலிச் சத்தத்தில் பாட்டின் நுணுக்கம் காதில் விழவில்லை. என் மிதியும் சீராக இராது. பாட்டு ஓடியும் நொண்டியும் வரும். மலரின் மிதி ஒரே சீர். வருத்தக்காரருக்கு அந்தப் பொறுமை உண்டு. கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது, படி ஏறக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் குளிக்கிற தண்ணீரையும் நான்தான் அள்ளினேன். சைக்கிளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரங்களில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, பெயர் எழுதி அடுக்கினேன். மறந்தே போயிருந்ததெல்லாம் திரும்பி வந்தது. சின்ன வயதில் தேரடியில் நின்று கேட்ட ஒரு நாதஸ்வரக்காரரின் வாசிப்பு கிடைத்தபோது அழுதுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, உந்தக் கண்ணீரை விளக்குக்கு ஊத்தலாமெண்டால் மண்ணெண்ணெய் மிச்சம்" என்றாள் மலர், மிதித்தபடியே.

மீனாம்பிகை அக்கா வாசலில் நின்று பார்ப்பார். "தம்பி, செக்குமாட்டையும் மத்தியானத்திலை அவிட்டு விடுவினம்."

"விடுங்கோ அக்கா, இப்பிடியே மிதிச்சு நான் வவுனியாவும் தாண்டியிட்டன்" என்பாள் மலர். சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்செடுப்பாள். இரவில் அவள் கால் வீங்கியிருக்கும். எண்ணெய் தடவிவிடுவேன். விடிய வடிந்துவிடும்.

உண்மையில் நான் தேடியது ஒரேயொரு கசற்றை. கலியாணம் முடித்த புதிதில் அவளைப் பாடவைத்துப் பதிந்தது. வருத்தம் வருவதற்கு முந்திய குரல். மூச்செடுப்பதே தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அந்தப் பாட்டுக்காரியைத் தேடாதையுங்கோ அப்பா" என்றாள் ஒருநாள். "நான் இஞ்சைதானே இருக்கிறன்."

ஓம் என்றுவிட்டு அடுத்த கசற்றைப் போட்டேன்.

அது கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. மீனாம்பிகை அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். முதலில் ஒரு செருமல், பிறகு "பதியுதோ?" என்று ஒரு சிரிப்பு, பிறகு பாட்டு.

"நிப்பாட்டுங்கோ, வெக்கமாக் கிடக்கு" என்றாள் சைக்கிளில் இருந்து.

"கொஞ்சம் மிதியும்" என்றேன்.

ஐயா, டைனமோவில் ஓடுகிற கசற்றுக்கு ஓர் இயல்பு உண்டு. மிதிக்கிறவர் களைத்தால் பாட்டு இறங்கும். குரல் தடிக்கும், சொல் இழுபடும். திரும்பிப் பார்க்கவே தேவையில்லை, எவ்வளவு களைப்பென்று காதாலே அறியலாம். பல்லவியில் அவள் குரல் சரியாக இருந்தது. முதற் சரணத்தில் தடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். "மிதியும் மலர்." குரல் தெளிந்து மேலே வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிறகு ஓர் ஆம்பிளையின் குரல் போல இறங்கத் தொடங்கியது.

அவள் ஏதோ சொன்னாள். சொன்னது கசற்றிலா, சைக்கிளிலா என்று எனக்குத் தெரியாது என்றுதான் உங்களிடம் சொல்ல நினைத்து வந்தேன். தெரியும். சைக்கிளில் இருந்துதான்.

"இனி ஏலாதப்பா."

"மிதியும்" என்றேன்.

அவள் மிதித்தாள். குரல் ஒருமுறை ஏறியது. பிறகு இழுபட்டு, சொல்லின் நடுவிலே நின்றது. சைக்கிள் சரிந்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

நீங்கள் இருதய வருத்தம் என்று எழுதினீர்கள். அதை வெட்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும். கடைசிச் சரணம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது ஐயா. அது முடிந்திருந்தால் அவளை நானே தூக்கி இறக்கியிருப்பேன்.