இரண்டறைப் பெட்டியில் லூசியின் குரல்

— ஒலகத்துல சத்தம் ரெண்டு வகை, செலின். ஒண்ணு காதுக்குக் கேக்குறது. அது நாய்க்கும் கேக்கும். இன்னொண்ணு நெஞ்சுக்குக் கேக்குறது. அந்த ரெண்டாவது சத்தத்தை இந்த வில்லியனூருக்கு மொதமொதல்ல கொண்டாந்தவன் ஒம் புருஷன் தனிஸ்லாஸ்னு நாளைக்கு நாலு பேரு சொல்லணும்.

— நாலு பேரு சொல்றது இருக்கட்டும். கேசட்டுல நம்ம பொண்ணு லூசி இன்னா சொல்றா?

— அதான் ஓடுதே.

— இன்னா ஓடுது? அடிப்புடிச்ச கஞ்சி மாதிரி முப்பு முப்புங்குது. ஜன்னல் கம்பி ஆடுது, மாதா படம் ஆடுது. ஒரு வார்த்தை புரியல.

— அதாவது, விஷயம் இன்னான்னா, இது கீழ்ச்சத்தத்துக்குன்னே, கட்டைச் சத்தத்துக்குன்னே கட்டுன பெட்டி. சின்ன ரூம்பு பாரு, எட்டுக்குப் பத்து. இதுக்குக் கணக்குப் போட்டு ரெண்டு அறை வச்சேன். நடுச்சுவர்ல ஸ்பீக்கரு. பின்னறைக்கு மூச்சே கெடையாது. முன்னறைக்கு ஒரே ஒரு குழாய். குழாய் வழியா வர்ற சத்தம் மட்டும்தான் ரூம்புக்கு வரும். மீதியெல்லாம் உள்ளயே அடங்கிடும். பிரான்சுப் பத்திரிகையில படத்தோட போட்டிருக்கான்.

— கட்டிலை எடுத்து வெளிய போட்டுட்டு, பொண்ணு கொரலை உள்ள அடக்கவா இவ்ளோ பெரிய பெட்டி? டேப்புக்குள்ள ஒரு குட்டி ஸ்பீக்கரு இருந்துச்சே, அது நல்லாத்தான பேசிச்சு?

— அதை அரியாங்குப்பத்துக் கடையில குடுத்துட்டுத்தான் இந்தப் பெருசை மாத்திக்கிட்டேன்.

— நல்லா மாத்துனீங்க! லெட்டரை மறுபடியும் படிக்கிறேன், கேளுங்க. “அம்மா, எழுத முடியாததைக் கேசட்டுல பேசியிருக்கேன். பதினஞ்சாந்தேதிக்குள்ள உங்ககிட்டேர்ந்து தந்தி வரலன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்.” இன்னைக்குப் பதினாலு. எதுக்குச் சம்மதம்? பாரீசுல உங்க தங்கச்சி வூட்ல இருக்கிற பொண்ணு எதுக்குச் சம்மதம் கேக்குறா?

— வேலைக்கா இருக்கும். படிப்புக்கா இருக்கும்.

— வேலையை எழுத முடியாதா? படிப்பை எழுத முடியாதா? நான் மூலக்குளம் போறேன். சிங்காரவேலு சவுண்ட் சர்வீஸ்ல குடுத்துக் கேட்டுட்டு வர்றேன்.

— ஏ, அவன் கொழாய் ஸ்பீக்கரு கட்டிப் போட்டான்னா ஊரு பூரா கேக்கும். குடும்ப விஷயம்டி!

— அப்போ இதைத் தெறங்க. ஸ்பீக்கரை வெளிய எடுத்தா பேசும்ல? அண்ணே! பச்சையப்பண்ணே! கொல்லைல இன்னா பண்றீங்க, கொஞ்சம் உள்ள வாங்க.

— கூப்ட்டீங்களாம்மா? சீவுன தூளைக் கூட்டி அள்ளிக்கினு இருந்தேன்.

— நீங்க அடிச்ச பெட்டியை நீங்களே தெறந்து குடுங்கண்ணே.

— தெறக்கிறதா? இதையா?

— ஏன், முடியாதா?

— ஒரு பொட்டு காத்து தப்பக் கூடாதுன்னு முசியே, நம்ம ஐயாதான், சொன்னாரு. நான் நாப்பது வருஷமா கோயிலுக்குச் சவப்பெட்டி அடிக்கிறவன். அந்தக் கைவேலைதான் இதுலயும். வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊத்தி, மூங்கில் ஆணி எறக்கி, மேல மெழுகு பூசியிருக்கேன். நான் அடிச்ச பெட்டியை இதுவரைக்கும் யாரும் தெறக்கச் சொன்னதில்லம்மா.

— ஒடச்சா?

— ஒடைக்கலாம். உளி எறங்குற எடத்துல உள்ள ஸ்பீக்கரோட காயிதக் கூம்பு இருக்கும். கிழிஞ்சா நான் பொறுப்பில்ல.

— பாத்தியா செலின்? பச்சையப்பன் தொழில் தெரிஞ்சவன். வுடு.

— இருங்க முசியே. குழாய்ல காதை வச்சிப் பாக்குறேன்... உள்ள யாரோ பேசுறாங்கம்மா.

— லூசியா? இன்னா சொல்றா?

— பொம்பளைக் கொரலு இல்லம்மா. ஆம்பளை.

— மாதாவே!

— பச்சையப்பா, உனக்குக் காது மந்தம். எந்திரி.

— மந்தந்தான் முசியே. மந்தக் காதுக்கே கேக்குது. நிறுத்தி நிறுத்திப் பேசுறான். தொண்டையக் கனைக்கிறான். பெரிய எடத்து ஆளு மாதிரி இருக்கு.

— நவுருங்கண்ணே, நான் கேக்குறேன்... ஆமா. ஆமாங்க! ஆம்பளைதான். ஐயோ, இவன் யாரு? நம்ம பொண்ணு அனுப்புன கேசட்டுல இவன் எதுக்குப் பேசுறான்?

— விஷயம் இன்னான்னா, பொம்பளைக் கொரலு மேல்சத்தம். அது இந்தக் குழாய்ல வராது...

— அதைத்தான் சொல்றேன்! அவ பேசுனதை ஒங்க பெட்டி முழுங்கிடுச்சி, இவன் பேசுறதை மட்டும் துப்புது. எழுத முடியாததுன்னா இதான். கட்டிக்கப் போறவனையே பேச வச்சி அனுப்பியிருக்கா.

— அவசரப்படாத. அப்படியெல்லாம் இருக்காது.

— ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— எப்படின்னு கேக்குறேன்.

— ஒரு... யூகம்தான்.

— யூகத்தை வச்சிக்கினு பொண்ணைக் குடுக்க முடியாது. கொரலைக் கேட்டாலே தெரியுது, வயசானவன். ரெண்டாந்தாரமா இருக்கும். தபாலாபீசு மூடுறதுக்குள்ள போய்த் தந்தி குடுக்குறேன். “அந்த ஆள் வேண்டாம். ஒடனே கெளம்பி வா.” அண்ணே, சைக்கிள்ல கொண்டுபோய் வுடுறீங்களா?

— வாங்கம்மா. சீட்டுல தூளு இருக்கும், பாத்து ஒக்காருங்க.

— செலின், போகாத. தந்தி வேணாம். அவ வேற எதையோ கேட்டிருக்கப் போறா, நீ வேற எதுக்கோ வேணாம்னு சொல்லப் போற.

— அவ எதைக் கேட்டான்னு எனக்குத் தெரியணும்னுதான ரெண்டு நாளா கத்துறேன்! ஒங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது. சத்தியமா தெரியாது. இனிமே யாருக்கும் தெரியாது.

— இன்னா சொல்றீங்க?

— பெட்டி காஞ்சதும் கீழ்ச்சத்தம் வருதான்னு பாக்கணும்னு இருந்துச்சி. வேற கேசட்டு இல்ல. லூசி கேசட்டு மேலயே ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு கட்டைக் கொரல்ல பேசிப் பதிஞ்சேன். அந்த ஆளு நான்தான், செலின். ரெண்டு பக்கமும்.